கோடையில் வடசென்னைக்கு வரும் சிறுபழங்கள்: பார்த்து வாங்குவது, கெடாமல் வைப்பது, சமைப்பது

தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "மே மாதத்தில் ஸ்ட்ராபெர்ரி ஒரு டப்பா வாங்கினேன். கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தேன், இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் கோடைக்காலப் பெர்ரிகளை வைத்து என்னென்னவோ செய்கிறார்கள். நம் ஊரில் எதை, எப்படிப் பார்த்து வாங்குவது? எப்படி வைத்தால் கெடாது? என்ன சமைக்கலாம்? ஜூலையில் மகளுக்குப் பிறந்தநாள், கேக்கின் மேல் வைக்கவும் ஏதாவது சொல்லுங்கள்."

உங்கள் ஃப்ரிட்ஜில் கோளாறு எதுவும் இல்லை. ஸ்ட்ராபெர்ரி நம் பக்கத்துக் கோடைப் பழமே அல்ல. மகாராஷ்டிர மலை ஊரான மகாபலேஷ்வரில் அது குளிர்காலப் பயிர். கார்த்திகை வாக்கில் தொடங்கி பங்குனி, சித்திரையோடு ஓய்ந்துவிடும். மே மாதம் நம் கைக்குக் கிடைப்பது அந்தக் கடைசிப் பறிப்பு, இல்லையென்றால் ஊட்டி, கொடைக்கானலிலிருந்து இறங்கிய கொஞ்சம். மலைக் குளிரில் பறித்த பழம், கத்திரி வெயிலில் லாரி ஏறி, கடையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் தளர்ந்துவிடும். அதைக் கழுவி ஈரத்தோடு மூடியும் வைத்தால் பூஞ்சை வராமல் இருக்காது.

ஆகவே ஸ்ட்ராபெர்ரிக்கு இந்தப் பதிலில் கொஞ்சம் இடம்தான். நம் கோடைக்கென்று சிறுபழங்கள் தனியாக இருக்கின்றன. வெயில் ஏறத் தொடங்கும்போது அரநெல்லி. அக்னி நட்சத்திரத்தை ஒட்டிக் களாக்காய். ஆனி பிறந்தால் ஈச்சம்பழமும் நாவலும். நாவல் ஆடி வரை நிற்கும். மணத்தக்காளியைத் தொட்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினால் எப்போது வேண்டுமானாலும் காய்க்கும், ஆனால் அதை வத்தல் போட இந்த வெயில்தான் வேண்டும். நாவலின் நுட்பமும் களாவின் புளிப்பும் எந்த வெளிநாட்டுப் பெர்ரிக்கும் குறைந்தவை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். நாம் அவற்றை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்பதோடு நிறுத்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

இவற்றுக்காகக் கோயம்பேடு வரை போகத் தேவையில்லை. 1996-ல் கொத்தவால் சாவடியிலிருந்து காய்கறி, பழ மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது. ஆனால் களாவும் ஈச்சம்பழமும் மண்டியை நம்பியவை அல்ல. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து கூடையோடு ரயிலில் வந்து இறங்குகிறவர்களிடம்தான் நல்லதாகக் கிடைக்கும். காலையில் ஸ்டேஷன் வாசலிலும் மார்க்கெட் முனையிலும் கோணியை விரித்துக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். பத்து மணிக்கு முன்பே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் அதே கூடை, அதே பழம், ஆனால் நாலைந்து மணி நேர வெயிலைக் குடித்திருக்கும். தள்ளுவண்டியில் வரும் பெரிய ஜம்பு நாவல் அநேகமாக ஆந்திராவிலிருந்து வருவது. நாட்டு நாவல் சிறிதாக, கொட்டை பெரிதாக, துவர்ப்புத் தூக்கலாக இருக்கும். அப்படியே தின்ன ஜம்பு நாவல். சாறு, ஜாம், பச்சடி என்று வந்தால் நாட்டு நாவல். விலையும் குறைவு, மணமும் அதிகம்.

ஒவ்வொரு பழத்துக்கும் போகுமுன் இரண்டு விஷயம்.

மாம்பழம், வாழை, சப்போட்டா எல்லாம் காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைக்கலாம். நாவலும் ஸ்ட்ராபெர்ரியும் திராட்சையும் அப்படி இல்லை. மரத்தை விட்டு வந்த நிமிடத்தில் இருக்கும் இனிப்புதான் கடைசி இனிப்பு. நாளைக்குப் பழுத்துவிடும் என்று பாதிச் சிவப்பாக இருக்கும் நாவலை வாங்கினால், அது சுருங்கும், மெத்தென்று ஆகும், இனிக்காது.

இரண்டாவது, தண்ணீர். சிறுபழத்தின் தோல் மிக மெல்லியது. வீட்டுக்கு வந்ததும் கழுவி அடுக்கி வைப்பது நமக்கு ஊறிப்போன பழக்கம், கீரைக்குக்கூட அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பெர்ரி வகைக்கு அது ஆகவே ஆகாது. தின்னப் போகும்போது, சமைக்கப் போகும்போது, அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கழுவுங்கள். கடற்காற்றில் எப்போதும் ஈரப்பதம் இருக்கிற ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் இது இன்னும் முக்கியம். இங்கே நனைந்த பழம் தானாக உலராது.

இனி நாவல்.

காம்புப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே சிவப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் முழுசாகப் பழுக்கவில்லை. கறுப்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்ட ஊதா, காம்பு வரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். விரலிடையில் மெல்ல உருட்டினால் தோல் இறுக்கமாகவும் உள்ளே சதை கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாகவும் இருக்கும். காம்பு இருந்த குழியில் சாறு கசிந்திருந்தால் அன்று மாலைக்குள் தின்றுவிட வேண்டிய பழம். கூடையை முகர்ந்து பாருங்கள். லேசாகக் கள் வாடை அடித்தால் அடியில் இருப்பவை புளிக்க ஆரம்பித்துவிட்டன, வேண்டாம். தோலில் ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுற்றி மட்டும் அமுங்கினால் உள்ளே பழ ஈயின் புழு இருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒன்றிரண்டு கண்ணில் பட்டால் அந்தக் கூறையே விட்டுவிடுங்கள்.

உங்கள் தெருவிலோ சொந்தக்காரர் வீட்டிலோ நாவல் மரம் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஆனால் ஏறாதீர்கள், பிள்ளைகளை ஏற்றவும் ஏற்றாதீர்கள். நாவல் கிளை பார்க்கத் தடியாக இருக்கும், திடீரென்று முறியும். கீழே இரண்டு பேர் பழைய வேட்டியின் முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் கொக்கிக் கம்பால் கிளையை உலுக்கினால் பழுத்தது மட்டும் விழும்; காய் விழாது. அதைவிடத் துல்லியமாகக் கையால் பொறுக்க முடியாது. விடியற்காலையில் செய்யுங்கள், பழம் குளிர்ந்திருக்கும். தரையில் ஏற்கெனவே விழுந்து கிடப்பதை எடுக்காதீர்கள். மண்ணை ஊதிவிட்டுத் தின்பது ஔவையார் கதையில் சரி, நம் தெருவில் நாயும் எலியும் சாக்கடைத் தண்ணீரும் புழங்கும் இடம் அது.

இங்கே வடசென்னைக்காரர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர் தொழிற்சாலை மதிலோரம், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை ஒட்டிய காலி மனைகள், கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க ஓடும் ரோட்டோரம், இந்த இடங்களில் எவ்வளவு ஆசையாகக் காய்த்துக் கிடந்தாலும் பறிக்காதீர்கள். தோல்மேல் படிந்த தூசியைக் கழுவலாம். கெட்ட மண்ணிலிருந்து செடி உறிஞ்சியதைக் கழுவ முடியாது. காலி மனையில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கும் மணத்தக்காளிக்கும் இது பொருந்தும். அந்தச் செடி மேல் ஆசை இருந்தால் பழுத்த பழத்தின் விதையைக் கொண்டுவந்து உங்கள் வீட்டுத் தொட்டியில், நல்ல மண்ணில் போடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நாவலைப் பெரிய தட்டில் பரப்பி, நசுங்கியது, வெடித்தது எல்லாவற்றையும் முதலில் ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியது அன்றைக்கே சாறாகட்டும். நல்லதை எவர்சில்வர் டப்பாவில் பருத்தித் துணி விரித்து, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வைத்து, மூடியை இறுக்காமல் ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வையுங்கள். இரண்டு நாள், நல்ல பழமாக இருந்தால் மூன்று நாள் தாங்கும். செய்தித்தாளில் பொதிய வேண்டாம், ஈரத்தில் மை ஒட்டும். வெளியில் வைத்தால் நம் ஜூன் மாதச் சூட்டில் ஒரு நாளைக்கு மேல் நம்ப முடியாது.

அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் சதையை எடுத்து உறைய வைப்பதுதான் வழி. நாவல் சீசன் சில வாரம்தான் என்பதால் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். பழத்தைக் கல்லுப்பு போட்ட தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள். புழு இருந்தால் வெளியே வரும், துவர்ப்பும் கொஞ்சம் அடங்கும். இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, அகலமான பாத்திரத்தில் போட்டுக் கையாலேயே பிசையுங்கள். மிக்ஸியில் கொட்டையோடு ஓட்டினால் கொட்டை உடைந்து கசப்பேறும். சதை கழன்றதும் கொட்டையைப் பொறுக்கிவிட்டு, தோலோடு மிக்ஸியில் ஒரு சுற்று. தோலை விடாதீர்கள், நிறமும் மணமும் அதில்தான் இருக்கிறது. அரை கிலோ பழத்துக்கு அரை மூடி எலுமிச்சைச் சாறு கலந்து ஐஸ் தட்டில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளைக் கவரில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி வையுங்கள். தீபாவளி வரைக்கும் நன்றாக இருக்கும்.

அந்த எலுமிச்சை வெறும் ருசிக்காக அல்ல. நாவலின் ஊதா நிறம் ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. புளிப்பில் அது சிவப்பாக நிற்கும், புளிப்பு குறையக் குறைய நீலம் பக்கம் போகும், சோப்பும் சமையல் சோடாவும் பட்டால் அழுக்குப் பச்சையாகக்கூட மாறும். பள்ளிக்கூடச் சட்டையில் கறை பட்டதும் சோப்புப் போட்டால் திட்டாக நீலம் ஏறுவது இதனால்தான். முதலில் எலுமிச்சையோ வினிகரோ தேய்த்து, கறை இளகிய பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி, கடைசியாகச் சோப்புக்குப் போங்கள். சமையலிலும் இதே கதைதான். நாவலுக்கு இரும்பு வாணலியும் அலுமினியப் பாத்திரமும் வேண்டாம். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மட்டும். நெடுநேரம் கொதிக்கவும் விடக்கூடாது, மணம் போய் நிறமும் மங்கிவிடும்.

உறைய வைத்த நாவல் கட்டியை வைத்து என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் முதல் இடம் சோடாவுக்கு. உயரமான டம்ளரில் மூன்று நாவல் கட்டி, சர்க்கரை ஒரு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, நசுக்கிய மிளகு நாலைந்து, நாலு புதினா இலை. மேலே குளிர்ந்த கோலி சோடாவை மெல்ல ஊற்றுங்கள். கட்டி கரையக் கரைய டம்ளரின் அடியிலிருந்து ஊதா மேலே ஏறி, நுரை இளஞ்சிவப்பாக நிற்கும். விருந்தாளிகளுக்குக் கொடுத்தால் என்ன எஸன்ஸ் என்று கேட்பார்கள்.

அடுத்து நாவல் பச்சடி. கெட்டித் தயிர் ஒரு கப், கட்டி இரண்டைக் கரைத்து ஊற்றி, உப்பு, மிகக் கொஞ்சம் சர்க்கரை, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கொட்டுங்கள். பிரியாணியோடு வைக்கும் வெங்காயப் பச்சடிக்குப் பதில் ஒருநாள் இதை வைத்துப் பாருங்கள். காரத்தின் மேல் அந்தத் துவர்ப்பு அழகாக உட்காரும்.

சர்க்கரை வியாதிக்காக நாவல் கேட்பவர்கள் நிறைய. பழம் அளவாகச் சாப்பிடலாம். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொட்டைப் பொடியை மருந்தாகச் சாப்பிடுவதாக இருந்தால் உங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்க இடமிருக்கிறது.

களாக்காய்க்கு வருவோம். நாவலுக்கு நேர் எதிரான குணம்: கெட்டி, பால் வடியும், பல் கூசும் புளிப்பு, அவ்வளவு சுலபத்தில் கெடாது. ஊறுகாய்க்கு வாங்குவதென்றால் பச்சையில் லேசாக ரோஸ் படர்ந்த, நகம் அழுத்தினாலும் இறங்காத காய். ஜாமுக்கும் குழம்புக்கும் பாதி சிவந்தது. முழுக்கக் கறுத்து மெத்தென்று ஆனது அப்படியே தின்ன. புளிப்புக்குள் நல்ல இனிப்பு தெரியும். பச்சைக்காயை ஃப்ரிட்ஜில் துணிப்பையில் போட்டால் ஒரு வாரம் கவலையில்லை. பழுத்ததை இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள்.

நறுக்குவதற்கு முன் கைக்கும் கத்திக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பால் பிசினாக ஒட்டும், தண்ணீரில் போகாது. இரண்டாகப் பிளந்து விதையை நெண்டி எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மிச்சப் பாலும் இறங்கிவிடும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்படாமல் செய்தால் களாவைப் போல் ஒத்துழைக்கும் காய் கிடையாது.

ஊறுகாய்: அரை கிலோ களாவைப் பிளந்து, அலசி, நிழலில் இரண்டு மணி நேரம் ஈரம் போக உலர்த்துங்கள். 75 கிராம் கல்லுப்பைப் பொடித்துப் போட்டு இரண்டு நாள் ஜாடியில் ஊறட்டும், தினம் ஒரு முறை குலுக்குங்கள். பிறகு 150 மில்லி நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு, பெருங்காயம் பொரித்து, அடுப்பை அணைத்து, சூடு பாதி ஆறியதும் 40 கிராம் மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் வறுத்த வெந்தயப்பொடி, மஞ்சள்தூள் சேர்த்துக் களாவைக் கொட்டிக் கிளறுங்கள். எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம், காயிலேயே அது இருக்கிறது. எண்ணெய் மேலே நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் காய்ச்சி ஆறவைத்த எண்ணெய் இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்துத்தான் ருசி சேரும்.

அடுத்து சொல்லப்போவது காசிமேட்டிலிருந்து மீன் வாங்குகிற நம் ஏரியாவுக்கே உரியது. நெத்திலிக் குழம்பில் மாங்காய் போடுகிற இடத்தில் களாக்காய் போட்டுப் பாருங்கள். அரை கிலோ நெத்திலிக்கு விதை எடுத்த களா பத்துப் பன்னிரண்டு போதும். புளியை வழக்கத்தில் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெயில் வெந்தயம், கடுகு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, குழம்பு மிளகாய்த்தூள், புளித்தண்ணீர் விட்டுக் கொதித்ததும் களாவை முதலில் போட்டு ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் கரையக் கூடாது. எண்ணெய் பிரிந்த பிறகு நெத்திலி. அதற்கு மூன்று நாலு நிமிடமே அதிகம். அணைத்து இரண்டு மணி நேரம் மூடி வைத்தால் களாவுக்குள் காரமும் எண்ணெயும் ஏறியிருக்கும். மறுநாள் காலை இட்லிக்கு அந்தக் களாத் துண்டுகளுக்குத்தான் வீட்டில் போட்டி நடக்கும்.

ஜாம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜாம் கெட்டிப்படப் பெக்டின் (பழத்திலேயே இருக்கும், கூழை உறைய வைக்கும் பொருள்), புளிப்பு, சர்க்கரை மூன்றும் வேண்டும். நாவலில் நிறமும் மணமும் நிறைய, ஆனால் அது மட்டும் போட்டால் எவ்வளவு கிளறினாலும் பாகாகவே நிற்கும். களாவில் பெக்டினும் புளிப்பும் ஏராளம். இரண்டையும் சேர்த்தால் கடையில் விற்கும் பெக்டின் பொடி தேவையே இல்லை. கால் கிலோ பாதிச் சிவந்த களாவைப் பிளந்து, பால் போக அலசி, மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவைத்து மசித்து வடிகட்டுங்கள். அதோடு அரை கிலோ நாவல் கூழ் சேர்த்து, அடி கனத்த எவர்சில்வர் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, 600 கிராம் சர்க்கரையைக் கொட்டிக் கரைந்ததும் தீயைக் கூட்டுங்கள். சின்னத் தீயில் மணிக்கணக்காக வைத்தால் நிறம் போய்விடும், ஜாமுக்குப் பெரிய தீதான். ஃப்ரீசரில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 105 டிகிரி. வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். சர்க்கரையைக் குறைத்துப் போட ஆசைப்பட்டால் போடலாம், ஆனால் அப்போது அது ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தீர்க்க வேண்டிய பண்டம். வெளியில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

அரநெல்லி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில் அதைத் தின்னாமல் வளர்ந்தவர் இங்கே யார்? வெளிர்ப்பச்சையோ வெளிர்மஞ்சளோ, பழுப்புப் புள்ளி இல்லாததாக வாங்கி, கழுவி உலர்த்தி, கல்லுப்பும் கீறிய பச்சைமிளகாயும் போட்டு ஆறிய வெந்நீர் ஊற்றிக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: சம எடை சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மிகச் சின்னத் தீயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்தால், வெளிறிக் கிடந்த காய் தானாகவே மாணிக்கச் சிவப்பாக மாறும். கலர் எதுவும் சேர்க்க வேண்டாம். ஈச்சம்பழம் கொத்தாகவே வாங்குங்கள். கறுத்ததைத் தினமும் உதிர்த்துத் தின்னத் தின்ன, சிவந்திருப்பவை அடுத்தடுத்து கறுத்துக்கொண்டே வரும். உதிர்ந்ததை மொத்தமாக வாங்கினால் எறும்புதான் மொய்க்கும்.

திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மகிழ மரம் தெரியும், சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மரம். மகிழம்பூவை எல்லோரும் பொறுக்குகிறோம். அதன் ஆரஞ்சு நிறப் பழமும் தின்னக்கூடியதுதான், மாவு மாவாக, துவர்ப்பும் மெல்லிய இனிப்புமாக இருக்கும். சமையலுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கு ஒன்றைக் காட்டிக் கொடுங்கள், தெரிந்து வைத்திருக்கட்டும்.

மணத்தக்காளிக்கு மொட்டை மாடி போதும். பழுத்துக் கறுத்த, அல்லது ரகத்தைப் பொறுத்து ஆரஞ்சு நிறமான பழம் அப்படியே தின்னலாம். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கொடுக்காதீர்கள். அதில் சொலனைன் என்ற நச்சுப்பொருள் உண்டு, வயிற்றைக் கலக்கும். பச்சைக் காய்க்கு வழி வத்தல். காம்பு நீக்கிக் கழுவி, ஒவ்வொன்றையும் லேசாகக் கீறியோ நசுக்கியோ, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். காலையில் வடித்துத் தட்டில் பரப்பி வெயில், மாலையில் திரும்பவும் அதே மோர். மோர் வற்றும் வரை இப்படி மூன்று நாலு நாள், அதன் பிறகு வெறும் வெயில் இரண்டு நாள். கையில் அள்ளினால் கல் மாதிரிச் சலசலக்க வேண்டும். துறைமுகம், தொழிற்சாலைப் பக்கத்து மாடிகளில் கரித்தூள் படியும், மெல்லிய வெள்ளைத் துணியால் மூடிக் காயவையுங்கள். சூரியன் சாய்வதற்கு முன்பே உள்ளே எடுத்துவிடுங்கள். கடற்காற்று ஈரம் ஏற்றினால் மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நன்றாகக் காய்ந்தது ஒரு வருஷம் தாங்கும், சுண்டைக்காய்க்கும் இதே முறைதான்.

மே மாத மின்வெட்டில் ஃப்ரீசர் பழம் இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காதீர்கள். இன்னும் சில்லென்று இருந்தால் உடனே அடுப்பில் ஏற்றி ஜாமோ பாகோ ஆக்கிவிடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்து நுரைத்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

டப்பாவில் வரும் பெர்ரி வாங்கியே ஆக வேண்டும் என்றால்: டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி அடியைப் பாருங்கள். சாறு ஒட்டியிருந்தாலோ, ஒரே ஒரு பழத்தில் சாம்பல் பஞ்சு தெரிந்தாலோ வைத்துவிடுங்கள். ஸ்ட்ராபெர்ரி காம்பு வரை சிவந்திருக்க வேண்டும், இலை வாடாமல் பச்சையாக இருக்க வேண்டும். புளூபெர்ரி மேல் வெள்ளையாகப் படர்ந்திருப்பது மருந்து அல்ல, பழத்தின் இயற்கை மெழுகு; அது இருந்தால் புதுசு என்று அர்த்தம். வீட்டில் டிஷ்யூ விரித்த டப்பாவில் மாற்றி, கழுவாமல், காம்பு கிள்ளாமல் வையுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் மட்டும், ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து இரண்டு நிமிடம் முக்கி, அலசி, ஃபேனுக்கு அடியில் துணியில் பரப்பி முற்றிலும் உலர்ந்த பிறகு உள்ளே வையுங்கள். பாதி உலர்ந்ததை வைப்பதற்கு இதைச் செய்யாமலே இருக்கலாம். காய்ச்சிய பாலில் எந்தப் பெர்ரியையும் சூடாகக் கலக்காதீர்கள், புளிப்பில் திரிந்துவிடும். இரண்டும் நன்றாகக் குளிர்ந்த பிறகு கலந்து உடனே பரிமாறுங்கள்.

கடைசியாக மகளின் கேக். பேக்கரி கேக்கின் மேலும் டூட்டி ஃப்ரூட்டி பன்னிலும் ஸ்வீட் பீடாவிலும் செர்ரி என்று சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் செர்ரி அல்ல, சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய நம் களாக்காய்தான். அதைச் சாயம் இல்லாமல் வீட்டிலேயே செய்துவிடலாம். கால் கிலோ கெட்டியான ரோஸ் நிறக் களாவை ஒரு பக்கம் மட்டும் கீறி விதை எடுத்து, உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவிட்டு, நாலைந்து முறை அலசி, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு வடியுங்கள். கால் கிலோ சர்க்கரையும் கால் லிட்டர் தண்ணீரும் கொதிக்கவைத்த பாகில், ஒரு துண்டு பீட்ரூட்டோடு களாவைப் போட்டு மூடிவையுங்கள். மறுநாள் பீட்ரூட்டை எறிந்துவிட்டு, களாவைத் தனியே எடுத்து, பாகில் மட்டும் 50 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பானதும் களாவைத் திரும்பப் போடுங்கள். இப்படி ஐந்து நாள், பாகு தேன் பதத்துக்கு வரும் வரை. ஒரேயடியாகக் கெட்டிப் பாகில் போட்டால் களா சுருங்கித் தோலாகிவிடும், படிப்படியாகப் போனால்தான் உருண்டையாகவே நிற்கும். பிறந்தநாளுக்குப் பத்து நாள் முன்பே தொடங்கிவிடுங்கள். கேக்கின் மேல் க்ரீம் தடவிய பிறகு, கட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த நாவல் பாகை நடுவில் ஊற்றி ஓரத்துக்குப் பரப்பி, சுற்றிலும் இந்தக் களாவை வையுங்கள். நாவல் பாகை வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஊற்றினால் போதும், முதல் நாளே ஊற்றினால் க்ரீமெல்லாம் ஊதா இறங்கிவிடும்.